எண்பது வயதில் எழுந்த குவிமாடம்: மிமார் சினானின் வாழ்வும் நமது ‘இனி என்ன’வும்

சென்ற தவணை முடிவில் எங்கள் பாடசாலை ஆசிரியர் ஓய்வறையில் நடந்த ஒரு பேச்சுத்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். சித்திரம் கற்பிக்கும் சக ஆசிரியர் ஒருவரிடம், முன்பு போல இப்போது ஏன் எதுவும் எழுதுவதில்லை, வரைவதில்லை என்று கேட்டேன். அவருக்கு 49 வயது. அரபு எழுத்தணியில் நல்ல கைவண்ணம் உள்ளவர். இளமையில் அவர் எழுதிய பலகைகள் ஊரில் பல வீடுகளின் முன்னறையில் இன்றும் தொங்குகின்றன. இனி என்ன இருக்கிறது, ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினொரு வருடம், அதை ஒருவாறு ஓட்டிவிட்டால் போதும் என்றார். அங்கிருந்த எவரும் மறுத்துப் பேசவில்லை. நாற்பதுகளின் நடுவில் இருக்கும் நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தத் தலையாட்டல் மனதை உறுத்தியது.

நம்மிடையே நாற்பதைத் தாண்டியவர் புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்கினால் சிரிக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர் ஒன்றைச் செய்ய முன்வந்தால், ஓய்வாக இருங்கள் என்கிறார்கள். மரியாதையாகச் சொல்லப்படும் இந்த வார்த்தை பலரை உயிரோடு ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிறது. இதற்கு மறுமொழியாக என் நினைவுக்கு வந்தவர் உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் மிமார் சினான். அவருடைய கட்டடங்களைப் படங்களில் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அவற்றைக் கட்டியபோது அவருக்கு என்ன வயது என்பதைக் கணக்குப் பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

ஐம்பதை நெருங்கும்போது ஒரு தொடக்கம்

சினான் 1490ஆம் ஆண்டளவில், இன்றைய துருக்கியின் கைசேரி நகருக்கு அருகே அகர்னாஸ் என்ற சிற்றூரில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பங்களின் இளைஞர்களை அரச சேவைக்குக் கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ளும் முறை அப்போது இருந்தது. அந்த வழியில்தான் அவர் இஸ்தான்பூலுக்குக் கொண்டுவரப்பட்டார். இஸ்லாத்தைத் தழுவி, தச்சுத் தொழிலைப் பழகி, ஜனிசரிப் படையில் சேர்ந்தார்.

அதன் பின்னர் நீண்ட காலம் அவர் ஒரு போர்வீரர். 1521இல் பெல்கிரேட், 1522இல் ரோட்ஸ் தீவு, 1526இல் மொஹாக்ஸ், 1534இல் பக்தாத் எனச் சுல்தான் சுலைமானின் படையெடுப்புகளோடு சென்றார். போகும் இடமெல்லாம் அவர் கண்கள் கட்டடங்களை அளந்தன. எந்த வளைவு எவ்வளவு பாரம் தாங்குகிறது, எந்தச் சுவர் ஏன் வெடித்தது என்பதை அவர் கற்ற இடங்கள் இவைதான். வான் ஏரியைக் கடக்கப் படைக்குக் கப்பல்கள் தேவைப்பட்டபோது அவற்றைக் கட்டிக் கொடுத்தார். 1538இல், இன்றைய ருமேனியாவுக்கும் மொல்டோவாவுக்கும் இடையில் ஓடும் புரூத் ஆற்றின் சேற்று நிலத்தின் மேல் 13 நாட்களில் ஒரு பாலத்தை அமைத்தார்.

அந்தப் பாலம் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அடுத்த ஆண்டளவில் அரண்மனையின் தலைமைக் கட்டடக் கலைஞர் பதவி அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு ஏறத்தாழ 49 வயது. பழகிய படைச் சேவையை விட்டு விலக முதலில் மனம் தயங்கியதாகவும், பல பள்ளிவாசல்களைக் கட்டும் பாக்கியம் கிடைக்கும் என்று எண்ணி ஏற்றுக்கொண்டதாகவும் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. இன்று உலகம் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லும் பெரிய பள்ளிவாசல்களில் ஒன்றுகூட அந்த வயதில் எழுந்திருக்கவில்லை. எங்கள் சித்திர ஆசிரியரின் வயதும் அதுவேதான்.

ஒரே கேள்வி, பல விடைகள்

அடுத்த ஐம்பது ஆண்டுகள் சினான் அந்தப் பதவியில் இருந்தார். சுலைமான், இரண்டாம் செலீம், மூன்றாம் முராத் என மூன்று சுல்தான்களுக்குப் பணியாற்றினார். பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், மருத்துவமனைகள், ஹம்மாம்கள், பாலங்கள், நீர்வழிகள் என 300க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அவர் பெயரில் பட்டியலிடப்படுகின்றன. இவை ஒவ்வொன்றையும் அவரே நேரில் நின்று கட்டினார் என்று கொள்ள முடியாது. அவருக்குக் கீழ் ஒரு பெரிய பணிமனையும் பயிற்சி பெற்ற பல கலைஞர்களும் இருந்தார்கள். ஆனால் முக்கியமான பள்ளிவாசல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரே மனிதர் ஒரே கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியது தெளிவாகத் தெரியும்.

அந்தக் கேள்வி இதுதான். சதுரமான ஒரு தொழுகை மண்டபத்தின் மேல் மிகப் பெரிய குவிமாடம் ஒன்றை வைக்க வேண்டும். குவிமாடம் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் சுவர்களைத் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத் தடித்த தூண்கள் வேண்டும். தூண்கள் பெருத்தால் ஸஃப்புகள் துண்டாகும், மிஹ்ராப் மறையும், வெளிச்சம் குறையும். குவிமாடமும் பெரிதாக வேண்டும், உள்ளே இடமும் திறந்திருக்க வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

முதல் பெரிய விடை ஷெஹ்ஸாதே பள்ளிவாசல். இளவயதில் இறந்த இளவரசர் முஹம்மதின் நினைவாக 1543இல் தொடங்கி 1548இல் முடிக்கப்பட்டது. நடுக் குவிமாடத்தை நான்கு பக்கமும் நான்கு அரைக் குவிமாடங்கள் தாங்கின. பார்க்க அழகான, சமச்சீரான கட்டடம். ஆனால் உள்ளே நான்கு பெரும் தூண்கள் நின்றன. அது முடிந்தபோது சினானுக்கு ஏறத்தாழ 58 வயது.

அடுத்தது 1550 முதல் 1557 வரை கட்டப்பட்ட சுலைமானிய்யா. குவிமாடத்தின் விட்டம் 26 மீற்றரைத் தாண்டியது. சுற்றிலும் மதரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடம் என்று ஒரு சிறு நகரமே வக்ஃபாக எழுந்தது. வேலை தாமதமாகிறது, குவிமாடம் நிற்காது என்று சுல்தானின் காதில் ஓதியவர்களும் இருந்தார்கள். சினான் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. சொன்ன தவணைக்குள் முடித்துத் திறப்பைக் கொடுத்தார். அப்போது அவருக்கு 67.

இந்த இடத்தில் ஒருவர் நிறுத்திக்கொண்டிருந்தாலும் வரலாறு அவரைக் கொண்டாடியிருக்கும். சினானோ அதற்குப் பிறகுதான் துணிச்சலான சோதனைகளில் இறங்கினார். கடைகளுக்கு மேலே உயர்த்திக் கட்டிய ருஸ்தம் பாஷா பள்ளிவாசலில் குவிமாடத்தை எட்டு முனைகளில் தாங்க வைத்துப் பார்த்தார். மிஹ்ரிமா சுல்தானுக்காக எதிர்னேகாபியில் கட்டியதில், நான்கு வளைவுகளின் மேல் ஒரே குவிமாடத்தை நிறுத்திச் சுவரெல்லாம் ஜன்னலாக்கினார். சொகொல்லு முஹம்மத் பாஷாவின் பள்ளிவாசலில் ஆறு முனைகள். இவை சுலைமானிய்யாவைவிட அளவில் மிகச் சிறியவை. அவர் அவற்றைச் சின்ன வேலை என்று ஒதுக்கவில்லை. அடுத்த பெரிய வேலைக்கான பயிற்சிக் கொப்பிகளாக அவை அமைந்தன.

வெள்ளமும் ஒரு பாடம்

முதுமையில் தோல்வி வராமலும் இல்லை. இஸ்தான்பூலின் பெருகிய மக்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கிர்க்செஷ்மே நீர்த்திட்டம் 1554இல் தொடங்கியது. 1563இல் பெருவெள்ளம் வந்து, கட்டிய நீர்ப்பாலங்களைச் சிதைத்தது. எழுபதைக் கடந்த ஒருவருக்கு ஒன்பது ஆண்டு உழைப்பு இடிந்து கிடப்பதைப் பார்ப்பது சாதாரண அடியல்ல. சினான் மறுபடி தொடங்கினார். சுமார் 36 மீற்றர் உயரமான மஃலோவா நீர்ப்பாலத்தைத் திருத்திய வடிவில் எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது.

பிறகு 1568ஆம் ஆண்டளவில் எதிர்னே நகரில் செலீமிய்யா பள்ளிவாசல் தொடங்கியது. சினானுக்கு அப்போது 78. இத்தனை ஆண்டுக் கேள்விக்கும் முழுமையான விடை அங்கேதான் கிடைத்தது. சிறிய ருஸ்தம் பாஷா பள்ளிவாசலில் பழகிய எட்டு முனை அமைப்பை இங்கே பெரிதாக்கினார். சுவரோடு ஒதுங்கி நிற்கும் எட்டுத் தூண்கள், அவற்றின் மேல் 31 மீற்றர் விட்டமுள்ள ஒரே குவிமாடம். உள்ளே நுழைபவரின் பார்வையை மறைக்க நடுவில் பெருந்தூண் எதுவுமில்லை. நான்கு மூலைகளிலும் 70 மீற்றர் அளவுக்கு உயர்ந்த மெல்லிய மினாராக்கள். 1575இல் பள்ளிவாசல் திறக்கப்பட்டபோது, அதைக் கட்டச் சொன்ன சுல்தான் செலீம் உயிரோடு இல்லை. கட்டிய முதியவர் இருந்தார். அவருக்கு ஏறத்தாழ 85.

ஷெஹ்ஸாதேயைத் தன் மாணவப் பருவ வேலை என்றும், சுலைமானிய்யாவைத் தேர்ந்த தொழிலாளியின் வேலை என்றும், செலீமிய்யாவையே ஆசானின் வேலை என்றும் அவர் கருதியதாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கணக்கின்படி 58 வயதில் அவர் ஒரு மாணவர். தன்னை அப்படி எண்ண அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. முடித்த வேலையைப் பார்த்து மயங்காமல், அதில் எது குறை என்று பார்த்ததால்தான் வயது ஏற ஏற வேலையும் உயர்ந்தது.

செலீமிய்யா வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1573இல், ஆயா சோபியாவைப் பழுதுபார்க்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அவரது காலத்துக் கட்டடக் கலைஞர் அனைவருக்கும் சவாலாக நின்ற ஆயிரம் ஆண்டுப் பழைய குவிமாடம் அது. அதை விஞ்ச முயன்றுகொண்டிருந்த அதே கைகள்தான், அது விழுந்துவிடாமல் முட்டுச் சுவர்களும் எழுப்பின.

கையிலிருந்து கைக்கு

செலீமிய்யாவோடும் அவர் ஓயவில்லை. 1577இல் பொஸ்னியாவின் விசேகிராத்தில், திரீனா ஆற்றின் மேல் 11 வளைவுகளோடு ஒரு பாலம் முடிந்தது. 1580ஆம் ஆண்டளவில் உஸ்குதாரின் கரையில், பொஸ்பரஸ் நீரை ஒட்டினாற்போல் ஷெம்ஸி பாஷாவுக்கு ஒரு சின்னஞ்சிறு பள்ளிவாசல் கட்டினார். பேரரசின் மாபெரும் குவிமாடத்தை எழுப்பியவர், தொண்ணூறு வயதில் ஒரு கைப்பிடி நிலத்தில் அடங்கும் கட்டடத்துக்கும் அதே கவனத்தைக் கொடுத்தார். தொண்ணூறைத் தாண்டிய பிறகு ஹஜ்ஜுக்கும் போய் வந்தார்.

உடல் தளர்ந்ததை அவர் மறைக்கவும் இல்லை. தூரத்து வேலைகளைத் தன் மாணவர்களிடம் ஒப்படைத்தார். மனிசா நகரின் முராதிய்யா பள்ளிவாசலுக்கான வடிவமைப்பு அவருடையது. அங்கே நின்று கட்டியவர்கள் அவரது பணிமனையில் வளர்ந்தவர்கள். அவருக்குப் பின் தலைமைப் பதவிக்கு வந்த தாவூத் ஆகா அவரிடம் பயின்றவர். நாம் நீலப் பள்ளிவாசல் என்று அழைக்கும் சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலைக் கட்டிய முஹம்மத் ஆகாவும் அப்படியே. அந்தப் பள்ளிவாசல் கட்டி முடிந்தது 1617இல். சினான் இறந்து அப்போது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இறுதிக் காலத்தில் தன் அனுபவங்களைக் கவிஞர் ஸாயீ முஸ்தஃபா செலெபியிடம் சொல்லி எழுதவும் வைத்தார். அவரைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பல அந்தக் குறிப்புகளிலிருந்தே கிடைத்தவை.

1588இல் அவர் வபாத்தானார். சுலைமானிய்யா வளாகத்துக்கு வெளியே, தெரு மூலையில், தனக்கென்று அவரே அமைத்த சிறிய இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கப்ரை ஒட்டி வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வழங்கும் மாடம் ஒன்றும் இருக்கிறது.

எல்லோரும் சினானாக முடியாது என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஒரு பேரரசின் கருவூலமும் ஆயிரக்கணக்கான தொழிலாளரும் நீண்ட ஆயுளும் அவருக்குக் கிடைத்தன. நம் ஊர் ஆசிரியருக்கும் மேசன்மாருக்கும் அவை கிடைப்பதில்லை. ஆயினும், முடித்ததில் குறை தேடுவதற்கும், சின்ன வேலையில் புதிதொன்றை முயன்று பார்ப்பதற்கும், இடிந்ததை மறுபடி கட்டுவதற்கும், கற்றதை ஒரு மாணவனுக்குக் கொடுப்பதற்கும் கருவூலம் தேவையில்லை. அவரை முதுமையிலும் வளர வைத்தவை இந்த நான்குமே.

நம் ஊர்களில் மரச் செதுக்கு வேலை தெரிந்த மூத்தவர்கள் இருக்கிறார்கள். பன் பாய் இழைக்கும் தாய்மார் இருக்கிறார்கள். பழைய பைத்துகளை ராகத்தோடு பாடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஓய்வாக இருங்கள் என்று அவர்களிடம் சொல்வதை விட்டு, நமது பிள்ளைகளில் ஒருவரை அவர்களிடம் அனுப்பிப் பார்க்கலாம்.

புதிய தவணை தொடங்கியதும் நான் செய்ய நினைத்திருப்பது சிறிய காரியம்தான். எங்கள் பாடசாலை மண்டபத்தின் முன்சுவர் பல காலமாக வெறுமையாக இருக்கிறது. அதற்கு ஒரு பலகை எழுதித் தரும்படியும், எழுதும்போது இரண்டு மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படியும் எங்கள் சித்திர ஆசிரியரிடம் கேட்கப் போகிறேன். பதினொரு வருடம்தான் இருக்கிறது என்று அவர் மறுபடி சொன்னால், இம்முறை தலையாட்ட மாட்டேன்.