தஸ்தயேவ்ஸ்கியின் இரவுகள்

காண்பவர் அறிந்த நோய் ஒன்று. நோயுற்றவர் அறிந்த நோய் மற்றொன்று. வலிப்பு நோயைப் பற்றி நாம் பேசுமிடத்துப் பெரும்பாலும் முன்னதையே பேசுகின்றோம். அலறி வீழ்தலும், கைகால்கள் வெட்டி இழுத்தலும், வாயில் நுரை தள்ளுதலுமே நம் நினைவிற்கு வருவன. பழந்தமிழர் இந்நோயை முயலகன் என்று அழைத்தனர். கூத்தப்பெருமானின் திருவடிக்கீழ்க் கிடக்கும் குறளுருவிற்கும் அதுவே பெயர். காலின்கீழ் அழுந்திக் கிடப்பவன் என்னும் எண்ணம் அப்பெயரில் உள்ளது போலும். ஆயின், இழுப்பு நின்று, சுற்றி நின்றோர் கலைந்து சென்ற பின்னர், வீழ்ந்தவன் தனியே கண்விழிக்குங்கால் அவன் உள்ளத்தில் நிகழ்வது யாது? இவ்வினாவிற்கு மருத்துவரும் விரும்பிப் படிக்கும் விடையை எழுதிவைத்துச் சென்ற ஒருவர் ருஷிய நாட்டில் இருந்தார். அவரே பியோதர் மிகைலோவிச் தஸ்தயேவ்ஸ்கி என்னும் நாவலாசிரியர். அவருடைய வரலாறு முழுவதையும் ஈண்டுக் கூறப் புகுந்தோமல்லேம். அவருடைய இரவுகளை மட்டும் ஒருவாறு பின்தொடர்ந்து செல்வோம்.

அவர் 1821-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில், ஏழைகளுக்கென அமைந்த மருத்துவசாலையின் வளவிலே பிறந்தார். தந்தையார் அங்கே மருத்துவர். 1837-இல் தாயாரையும் 1839-இல் தந்தையாரையும் இழந்தார். பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் படைப்பொறியியற் கல்லூரியிற் பயின்று தேறியும், அவ்வேலையில் மனம் பற்றாது எழுதப் புகுந்தார். 1846-இல் வெளிவந்த ஏழை மக்கள் என்னும் முதல் நாவல் அவருக்கு ஒரே மூச்சிற் புகழ் ஈட்டித் தந்தது. மூன்றாண்டுகள் கழிந்து சில மாதங்களில், அரசாங்கத்திற்கு ஆகாத நூல்களை வாசித்துப் பேசிய ஒரு கூட்டத்தாரோடு அவரும் சிறைப்பட்டார். 1849-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பனியில், செம்யோனோவ்ஸ்கி சதுக்கத்தில் அவர்களுக்கு மரண தண்டனை வாசிக்கப்பட்டது. முதல் மூவர் கம்பங்களிற் கட்டப்பட்டனர். நம் ஆசிரியர் அடுத்த மூவருள் ஒருவராய் நின்றார். துப்பாக்கிகள் நீட்டப்பட்ட பின்னரே மன்னரின் கருணை அறிவிக்கப்பட்டது. அது முன்னரே முடிவு செய்யப்பெற்ற நாடகம் என்பது பிறகு தெரிய வந்தது. சாவைச் சில நிமிஷ தூரத்திற் கண்ட அவ்வுள்ளத்தை நோயின் காரணமாகக் கூறுவாரும் உளர். அதனை நாம் உறுதியாகக் கொள்ளோம்.

பின்னர் நான்காண்டு ஓம்ஸ்க் நகரத்துச் சிறைக்கோட்டையிற் கால்விலங்கோடு கழிந்தன. அதன்பின் செமிப்பலாத்தின்ஸ்க் என்னுமிடத்திற் சாதாரணப் படைவீரராக இருந்தார். அவருடைய நோய் இளமையிலேயே தலைகாட்டியதென நண்பராகிய மருத்துவர் யானோவ்ஸ்கி பிற்காலத்திற் கூறினார். ஆயினும், படைப்பிரிவின் மருத்துவர் 1857-இல் அளித்த சான்றுப் பத்திரம் முதல் வலிப்பு 1850-இல், அதாவது சிறைக்காலத்தில் வந்ததாகவே குறிக்கின்றது. நெடுங்காலம் அவர் அதனை நரம்புத் தளர்ச்சி என்றே எண்ணி வந்தார். எண்ண விரும்பினார் எனினும் பொருந்தும். 1857-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மரியா இசாயேவா என்னும் கைம்பெண்ணை மணந்து, புதுமனைவியுடன் திரும்பும் வழியில் பர்னவூல் என்னும் ஊரிற் கொடிய வலிப்பு அவரை வீழ்த்திற்று. அவ்வூர் மருத்துவர் இஃது ஐயமற வலிப்பு நோயே என்றும், இத்தகைய ஒன்றில் மூச்சடைத்து இறத்தலும் கூடும் என்றும் சொல்லிவிட்டார். மெய்யான நோய் இதுவென முன்பே அறிந்திருந்தால் மணம் செய்துகொண்டிரேன் என்னும் கருத்துப்பட அவர் தமையனாருக்குக் கடிதம் எழுதினார். அதே 1857-இல் தான் இலண்டன் மாநகரில் சார்லஸ் லாக்காக் என்னும் மருத்துவர் பொட்டாசியம் புரோமைடு என்னும் உப்பு சில வலிப்புகளைத் தணிப்பதாக ஒரு மருத்துவக் கூட்டத்தில் எடுத்துரைத்தார். வலிப்பிற்கு ஓரளவேனும் பயன்தந்த முதல் மருந்து அதுவே.

1859-இல் அவர் தலைநகருக்கு மீண்டார். 1864-ஆம் ஆண்டு மனைவியையும் தமையனையும் ஒருசேரக் கொண்டு போயிற்று. தமையன் விட்டுச் சென்ற கடன்களை இவரே தலைமேற் கொண்டார். 1866-ஆம் ஆண்டு குற்றமும் தண்டனையும் என்னும் நாவல் வெளிவந்துகொண்டிருக்கையில், நவம்பர் முதல் நாளுக்குள் வேறொரு நாவல் தாராவிடின் ஒன்பதாண்டுக் காலத்து எழுத்துகளின் உரிமையை ஒரு பதிப்பாளரிடம் இழக்கும் நிலைமை நேர்ந்தது. சுருக்கெழுத்துக் கற்ற இருபது வயது மங்கை அன்னா கிரிகோரியெவ்னா என்பாள் உதவிக்கு வந்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். சூதாடி என்னும் நாவல் 26 நாளில் முடிந்தது. 1867-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இருவரும் மணம் புரிந்தனர்.

மணமாகிச் சில நாட்களே கடந்திருந்தன. உறவினர் இல்லத்தில் உவகையோடு பேசிக்கொண்டிருந்தவர், பாதிச் சொல்லில் வெளிறி, மனிதக் குரலென்று சொல்லத்தகாத ஓர் அலறலோடு முன்சாய்ந்தார். உடனிருந்த பெண்டிர் ஓடினர். இளமனைவி ஓடவில்லை, தலையைத் தன் மடிமேல் தாங்கிக்கொண்டாள். உணர்வு மீண்டபோது அவரால் நினைத்த சொல்லைச் சொல்ல இயலவில்லை. ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல் வந்து விழுந்தது. ஒரு மணி நேரத்திற்குள் மீண்டும் ஒரு வலிப்பு வந்தது. அடுத்த நாட்களில் அவருடைய முகத்தில் இருந்த துயரம், உலகில் தமக்கு மிகவும் அருமையான ஓருயிரை அன்றுதான் புதைத்துவிட்டு வந்தவருடைய துயரத்தை ஒத்திருந்தது என அன்னா தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். உண்மையிலோ எவரும் இறக்கவில்லை. இதனையே நாம் கருதவேண்டும். காரணம் இல்லாது காரியம் மட்டும் வந்து நிற்கும் துயரம் இது.

அவர் இரவிலே எழுதுபவர். வீடு அடங்கிய பின்னர்த் தேநீருடன் மேசைமுன் அமர்ந்தால், விடியலிலேயே படுக்கைக்குச் செல்வார். வலிப்பும் பெரும்பாலும் உறக்கத்திலேயே வந்தது. சராசரியாக மாதம் ஒன்று என்னலாம். சில காலம் வாரத்திற்கு இரண்டும் வந்ததுண்டு. அலறல் கேட்டு அன்னா எழுந்தோடுவார். நினைவு திரும்பியதும் அச்சம் தொடங்கும். இப்பொழுதே இறந்துவிடுவேன் என்னும் அச்சம் அது. தனியே இருக்க அஞ்சி, தம்மைக் கவனித்துக்கொண்டிருக்குமாறு மனைவியை இரப்பார். சைபீரியாவிற் கொலைஞரோடு நான்காண்டு கிடந்தும் கலங்காதவர், தம் படுக்கையறை இருளைக் கண்டு கலங்கினார்.

இவ்வச்சத்தினும் விந்தையானது மற்றொன்று. அவருடைய நண்பர் ஸ்திராகோவ் கேட்டறிந்து எழுதியபடி, வலிப்பிற்குப் பின் தாம் ஏதோ பெருங்குற்றம் இழைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றும். எக்குற்றம், யாருக்கு எதிராக, எப்பொழுது என்பதொன்றும் தெரியாது. ஆயினும் அதன் சுமை மட்டும் நெஞ்சை அழுத்தும். நாட்கணக்கில் அது நீங்காது. மனிதனுக்குக் குற்றவுணர்வு குற்றத்திலிருந்தே பிறக்கும் என்று நாம் நம்பியிருக்கிறோம். இங்கே குற்றவுணர்வு முன்வந்து குற்றத்தைத் தேடி அலைந்தது.

அவர் தம் நோயைக் கணக்கெழுதுவார்போல் எழுதி வந்தார். வந்த நாள், மணி, காலநிலை, நிலவின் நிலை, வன்மையா மென்மையா என்பன எல்லாம் குறிப்பேடுகளிற் காணப்படும். டிரெஸ்டன் நகரில் 1870-ஆம் ஆண்டு ஜனவரியில் எழுதிய குறிப்பு சிறப்பானது. நினைவுக் குறைவும், மூடுபனி போன்றதொரு மயக்கநிலையும் முன்னெல்லாம் மூன்று நாளில் நீங்கின. இப்பொழுதோ ஆறு நாள் வரை நிற்கின்றன. மாலையில், மெழுகுவர்த்தி ஒளியில், காரணமற்ற சோகம் கவிகின்றது. எப்பொருளைப் பார்ப்பினும் அதன்மேல் இரத்தச் சிவப்புச் சாயல் படிந்தாற்போல் தோன்றுகின்றது. அந்நாட்களில் எழுதுதல் ஏறத்தாழ இயலாதது. இவையே அக்குறிப்பின் சாரம். இதில் அழுகையும் இல்லை, புலம்பலும் இல்லை. தம்மைத் தாமே நோயாளியாகவும் மருத்துவராகவும் வைத்துக்கொண்டு எழுதிய வரிகள் இவை.

இன்றைய மருத்துவம் இவற்றை வியப்பாகக் கொள்வதில்லை. மூளையின் நரம்பணுக்கள் அளவுகடந்து ஒருசேர மின்விசையைச் சொரிவதே வலிப்பு. அப்பெருஞ்சொரிவு ஓய்ந்தபின், அப்பகுதிகள் தம் இயல்பான தொழிலுக்கு மீளச் சில மணியோ சில நாளோ ஆகலாம். காதுகளை அடுத்து உள்ளமைந்த பொட்டுமடல்களிலே நினைவும் அச்சமும் குடியிருத்தலின், நோய் அவ்விடத்தைப் பற்றியதாயின் மறதியும் திகிலும் துயரும் பின்வருதல் இயல்பு. தஸ்தயேவ்ஸ்கியின் நோய் அத்தகையதே என்பது நரம்பியலார் பலர் கருத்து. 1928-இல் சிக்மண்ட் பிராய்டு, தந்தையின் சாவை விரும்பிய மகனின் மனச்சாட்சியே இவ்வலிப்பாக உருக்கொண்டது என்று ஒரு கட்டுரை வரைந்தார். படிக்கச் சுவையாக இருப்பினும், மூளை மின்னோட்டத்தை வரைந்துகாட்டும் முறையை ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட பின்னர், அக்கொள்கைக்கு மருத்துவரிடையே ஆதரவு குன்றிற்று. நம்மைக் கேட்பின், இரவில் உறங்குங்கால் வந்து, நாவைக் குழறச்செய்து, ஆறு நாள் நினைவைக் கவர்ந்து செல்லும் நோயை மனத்தின் கற்பனை என்பது நோயுற்றவர்க்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

1867 முதல் 1871 வரை தம்பதிகள் கடன்காரர்க்கு அஞ்சி அயல்நாடுகளில் வாழ்ந்தனர். 1868-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜெனீவாவில் அன்னாவிற்குப் பேறுகாலம் நெருங்கிற்று. நோவு கண்ட இரவிலே கணவருக்குக் கடும் வலிப்பு வந்து, அவர் உணர்வற்று உறங்கினார். எழுப்பியும் எழவில்லை. அயலூரில், அயல்மொழியிடையே, வலியைப் பொறுத்துக்கொண்டு அம்மாது விடியும்வரை காத்திருந்தாள். பிறந்த பெண் குழவி சோபியா மூன்று மாதமே வாழ்ந்தது.

அத்துயரிடையே எழுதப்பட்டதே அசடன் என்னும் நாவல். அதன் தலைவன் இளவரசன் மீஷ்கின் வலிப்பு நோயாளி. வலிப்பிற்கு முந்திய நொடியில் அவன் காணும் பேரொளியையும் பேரின்பத்தையும் யாவரும் எடுத்துப் பேசுவர். நமக்கோ அதனினும் அரியதாகத் தோன்றுவது வேறோர் இடம். அடுத்தடுத்து வந்த வலிப்புகளால் அறிவு மங்கிய நிலையில் மீஷ்கினைச் சுவிட்சர்லாந்திற்கு அழைத்துச் செல்கின்றனர். இரண்டு மூன்று எண்ணங்களைக் கோத்துப் பார்க்க அவனுக்கு இயலவில்லை. காணும் பொருளெல்லாம் அந்நியமாய் நின்று அவனை வருத்துகின்றன. பாசெல் நகரத்துச் சந்தையில் ஒரு கழுதை கத்துகின்றது. அவ்வொலி கேட்டதும் மூடியிருந்தது விலக, உலகம் மீண்டும் அவனுடையதாகின்றது. கோயில் மணியன்று, இசையன்று, கழுதையின் குரல். நோயிலிருந்து எழுந்து வந்த ஒருவரே இதனை எழுதக்கூடும். அவருடைய நோயே அவரைக் கவிஞராக்கிற்று என்பாரோடு நாம் உடன்படோம். வலிப்புடையார் எண்ணிறந்தோர், இந்நாவலை எழுதியவர் ஒருவரே. நோய் பறித்த நாட்களில் எழுத இயலாமற் போன நூல்கள் எத்தனையோ!

1875-இல் பிறந்த கடைக்குட்டி அலெக்சேய் என்னும் அல்யோஷா தந்தையின் உயிராக இருந்தான். 1878-ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்று வயது நிரம்பாத அக்குழந்தை திடீரென வலிப்புற்று அன்றே மாண்டது. தம் நோயே மகனைக் கொன்றது என்று அவர் எண்ணி நொந்தார். இதுகாறும் இரவுதோறும் பெயரின்றி வந்து அழுத்திய குற்றவுணர்விற்கு, பகலில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. ஒருவர் தம் உடலின் நோய்க்குக் குற்றவாளி ஆவாரோ? ஆகார் என்பதை அறிவு கூறும். தந்தை நெஞ்சு அதனை ஏற்கவில்லை.

அன்னாவின் வேண்டுகோளால், இளைஞராகிய தத்துவ அறிஞர் விளதீமிர் சலவியோவுடன் ஓப்தினா என்னும் துறவியர் மடத்திற்குச் சென்று, அம்புரோசி என்னும் முதிய துறவியைக் கண்டு வந்தார். அதன்பின் 1879-லும் 1880-லும் கரமாசவ் சகோதரர்கள் வெளிவந்தது. அதில் வலிப்பு நோயைப் பாசாங்கு செய்யும் கொலைகாரன் ஒருவன் உளன். தம் நோயைத் தீயவனொருவனுக்குக் கொடுக்க அவர் தயங்கவில்லை. கொலை செய்யாமலே தான் குற்றவாளி என்றுணரும் திமித்ரியும் அங்கே உளன். நன்மையே வடிவான இளைஞனுக்கு மட்டும் மாண்ட மகனின் பெயரை இட்டார். மூன்று வயதை எட்டும் நிலையில் மகனை இழந்து மூத்த துறவியிடம் வந்து அழும் குடியானவப் பெண் ஒருத்தி அந்நூலின் தொடக்கத்தில் வருவாள். அவள் மகனுக்கும் அலெக்சேய் என்பதே பெயர்.

1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் அவர் காலமானார். பழைய ருஷிய நாட்காட்டிப்படி அது ஜனவரி 28. இறுதியில் அவரைக் கொண்டு சென்றது வலிப்பன்று, நுரையீரற் குருதிப் பெருக்கு. அன்னாவிற்கு அப்பொழுது வயது 34. மறுமணம் செய்துகொள்ளாமல், கணவருடைய நூல்களைப் பதிப்பித்தும் தாள்களைத் தொகுத்துக் காத்தும் 1918 வரை அவர் வாழ்ந்திருந்தார்.