ஒளியை அலையென்று கண்ட வைத்தியர்

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்த எம்மில் எவருக்கும் யங் என்ற பெயர் புதிதல்ல. கம்பியில் எடைகளைத் தொங்கவிட்டு யங்கின் மட்டைக் கணித்தோம். இரட்டைப் பிளவுச் சோதனையின் படத்தை வரைந்து வரைந்து மனனஞ் செய்தோம். அந்த யங் ஒரு வைத்தியர் என்பதை மருத்துவ பீடத்தில் கண்ணைப் பற்றிப் படிக்கும்போதுதான் நாம் அறிந்தோம். குழந்தையின் வயதைக் கொண்டு மருந்தளவைக் கணிக்கும் பழைய யங்கின் விதியும் அவருடையதே. இன்று நாம் நிறையைக் கொண்டே கணிக்கிறோம்.

தோமஸ் யங் 1773 ஜூன் 13 இல் இங்கிலாந்தின் மில்வேர்ட்டன் என்ற ஊரில், குவேக்கர் குடும்பமொன்றின் பத்துப் பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். இரண்டு வயதிலேயே வாசிப்பாராம். லண்டன், எடின்பரோ, ஜேர்மனியின் கேற்றிங்கன், கேம்பிரிட்ஜ் என நான்கு இடங்களில் படித்தார்.

அவரை ஒளியிடம் அழைத்துச் சென்றது மருத்துவமே. கிட்டத்திலும் தூரத்திலும் உள்ளவற்றைக் கண் எப்படி மாறி மாறித் தெளிவாகப் பார்க்கிறது? வில்லை தன் வடிவை மாற்றுவதால்தான் என்று 1793 இல், மாணவராக இருந்தபோதே எழுதினார். அடுத்த ஆண்டு, 21 வயதில், றோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பின்னர் அதை நிறுவத் தன் கண்ணையே சோதனைக் களமாக்கினார். கண்ணை நீரில் அமிழ்த்தி விழிவெண்படலத்தின் பங்கை நீக்கினார். கண்கோளம் நீள்கிறதா என்றறிய அதன் பின்புறமாக உலோகத் துண்டை அழுத்தினார். (பிள்ளைகள் எவரும் செய்து பார்க்க வேண்டாம்!) வில்லையே தசையாலானது என்று அவர் எண்ணியது தவறு, வில்லைதான் மாறுகிறது என்றது சரி. அஸ்டிக்மாட்டிசம் என்று இன்று நாம் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் குறைபாட்டைத் தன் கண்ணிலேயே கண்டு விவரித்தவரும் அவரே. விழித்திரை மூன்று அடிப்படை நிறங்களுக்குரிய உணரிகளால் எல்லா நிறங்களையும் அறிகிறது என்று 1801 இல் அவர் ஊகித்தது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் நேரடிச் சான்றுகளால் உறுதியாயிற்று.

மனிதக் குரலை ஆராய்ந்தபோது ஒலியலைகளில் அவரது கவனம் விழுந்தது. இரண்டு ஒலிகள் சேர்ந்து ஓங்கவும் கூடும், ஒன்றையொன்று அடக்கவும் கூடும். ஒளியும் அப்படியானால்? ஒளி நுண்துணிக்கைகளின் ஓட்டம் என்ற நியூட்டனின் கருத்தே அன்றைய இங்கிலாந்தில் வேதவாக்கு. 1803 இல் யங் ஜன்னற் கதவில் ஊசித்துளையிட்டு, வெளியே கண்ணாடி வைத்துச் சூரியக் கதிரை அறைக்குள் விழுத்தினார். அதன் குறுக்கே, ஓர் அங்குலத்தின் முப்பதிலொரு பங்கு அகலமான மட்டைத் துண்டைப் பிடித்தார். மட்டையின் நிழலுக்குள் ஒளிப்பட்டிகளும் இருட்பட்டிகளும் தெரிந்தன. நிழலின் நடுவிலே வெளிச்சம். ஒரு பக்கத்து ஒளியை மட்டும் மறைத்தார், பட்டிகள் மறைந்தன. மறுபக்கத்து ஒளி அப்படியே இருந்தும் மறைந்தன! இரு பக்கத்து ஒளியும் சந்தித்தாற்றான் பட்டிகள் உண்டு என்பது தெளிவாயிற்று. மின்சாரமில்லாத ஆண்டுகளில் படித்து, சோடிய விளக்கைப் புத்தகத்தில் மட்டும் கண்ட எமக்கும் எட்டக்கூடிய சோதனை அது.

வரவேற்பு கிடைக்கவில்லை. பின்னாளில் இங்கிலாந்தின் சான்சலரான ஹென்றி புரூம், எடின்பரோ ரிவியூ இதழில் பெயர் போடாமல் அவரைக் கடுமையாகத் தாக்கினார். யங் பதிலாக ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒரேயொரு பிரதிதான் விற்றதாம். றோயல் இன்ஸ்டிடியூஷனின் பேராசிரியர் பதவியையும் தொழிலுக்கு இடையூறாகுமென்று 1803 இல் துறந்திருந்தார். நோயாளர் நம்பிக்கை இழப்பார்களோ என்று அஞ்சி, மருத்துவம் சாராத பலவற்றைப் பெயரின்றியே எழுதினார். இந்த அச்சம் எமக்கு அந்நியமல்ல. வைத்தியர் வீணை வாசித்தாலோ கதை எழுதினாலோ, நோயாளரைக் கவனிக்க நேரம் ஏது என்று கேட்பவர் எமது ஊர்களிலும் உண்டு. பெண் வைத்தியரென்றால் வீட்டை யார் பார்ப்பதென்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

1811 முதல் இறக்கும்வரை சென் ஜோர்ஜ் வைத்தியசாலையில் பணியாற்றினார். எகிப்தின் றொசெற்றாக் கல்லெழுத்தை வாசிக்க அவர் எடுத்த முயற்சி தனிக் கட்டுரைக்குரியது.

இதற்கிடையில் பிரான்சில் ஒகஸ்ரின் பிரெனெல் என்ற வீதிப் பொறியியலாளர், யங்கின் ஆய்வை அறியாமலே அதே வழியில் வந்துகொண்டிருந்தார். 1816 இல் அரகோ, கேலுசாக் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் யங்கின் வீட்டுக்கு வந்து பிரெனெலின் சோதனையைப் புகழ்ந்தனர். அது தனது 1807 ஆம் ஆண்டு நூலிலேயே உள்ளதென்றார் யங். அவர்கள் நம்பவில்லை. அதுவரை பேச்சில் கலந்துகொள்ளாதிருந்த மனைவி எலைசா எழுந்து போனார். பெரிய புத்தகமொன்றைக் கையிடுக்கில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உரிய பக்கத்தைத் திறந்து படத்தை விரலால் சுட்டினார். இதை எழுதிவைத்தவர் அரகோவேதான். யங்கின் வரலாற்றில் எமக்கு மிகவும் பிடித்த இடம் இது. கணவரின் அந்தப் பெரிய நூலில் எந்தப் பக்கம் என்று அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது!

யங்கும் பிரெனெலும் பகைக்கவில்லை, கடிதங்கள் எழுதிக்கொண்டனர். ஒளி குறுக்கலையாக இருக்கலாமென்ற எண்ணத்தை 1817 இல் யங் அரகோவுக்கு எழுதினார். அதைக் கணிதத்தால் நிலைநாட்டியவர் பிரெனெல். றோயல் சொசைட்டி ஒளி ஆய்வுக்கான றம்ஃபோர்ட் பதக்கத்தைப் பிரெனெலுக்கு வழங்கியபோது, வெளிநாட்டுச் செயலாளர் என்ற முறையில் அச்செய்தியை அவருக்கு அறிவித்தவர் யங். பதக்கம் கைக்குக் கிடைத்த சில நாட்களில், 1827 ஜூலையில், பிரெனெல் காசநோயால் இறந்தார், வயது 39. யங் 1829 மே 10 இல், 55 வயதில் காலமானார். அந்தப் பதக்கம் அவருக்கு ஒருபோதும் வழங்கப்படவில்லை.