எட்வர்ட் சயீத்: நாவலுக்குள் பேரரசைக் கண்டவர்

பெயரிலேயே இரண்டு உலகங்களைச் சுமந்தவர் எட்வர்ட் சயீத். முன்பெயர் இங்கிலாந்து இளவரசரை நினைந்து பெற்றோர் இட்டது. பின்பெயர் அரபுக் குடும்பத்தின் வழி வந்தது. 1935ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், பிரிட்டிஷார் ஆளுகையிலிருந்த பாலஸ்தீனத்தின் ஜெருசலேம் நகரில், கிறித்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார்.

இளமையின் பெரும்பகுதி எகிப்தின் கெய்ரோ நகரில் கழிந்தது. அங்கு விக்டோரியா கல்லூரி என்னும் ஆங்கிலப் பள்ளியில் பயின்றார். தாய்மொழியாகிய அரபியைப் பேசினால் அங்கே தண்டனை! 1951இல் அப்பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, அமெரிக்கா சென்றார். பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டிலும் பயின்று, நாவலாசிரியர் ஜோசப் கான்ராடை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1963 முதல் இறுதிவரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தார்.

1948இல் அவருடைய உறவினர் பலர் பாலஸ்தீனத்தில் வீடிழந்து அகதிகளாயினர். 1967ஆம் ஆண்டுப் போர் அவரை அரசியலின்பால் திருப்பியது. அந்த வேதனையின் பயனாகவே 1978இல் 'ஓரியண்டலிசம்' என்னும் நூல் பிறந்தது எனலாம். கீழை நாடுகள் மாறாதவை, தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவை என்ற சித்திரத்தை ஐரோப்பிய அறிஞர்களும் எழுத்தாளர்களும் தீட்டினர். அச்சித்திரம் ஆதிக்கத்திற்குத் துணைநின்றது என்று அந்நூலில் அவர் நிறுவினார். ஜெர்மானிய அறிஞர்களை அவர் போதிய அளவு கருதவில்லை என மறுத்துரைத்தோரும் உண்டு.

1993இல் வெளிவந்த 'பண்பாடும் ஏகாதிபத்தியமும்' என்னும் பொருள்படும் நூலில் ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலை எடுத்துக்கொண்டார். 1814இல் வெளியான அக்கதையின் செல்வக் குடும்பத்திற்கு ஆண்டிகுவா தீவில் தோட்டம் உண்டு. அத்தகைய தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். நாவலோ அத்தீவைச் சிற்சில இடங்களிலேயே குறிப்பிடுகிறது. ஆங்கில மாளிகையின் அமைதிக்கு அடியில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று சயீத் கேட்டார்.

ஆனால், ஆஸ்டினை ஒதுக்குங்கள் என்று அவர் கூறவில்லை. பியானோ இசையில் வல்லவரான அவர், இசையில் பல குரல்கள் ஒருசேர ஒலிப்பதுபோல, ஆண்டவர் குரலையும் ஆளப்பட்டவர் குரலையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்றார். இலக்கியத்தை நேசிப்பதும் அதனைக் கேள்வி கேட்பதும் அவருக்கு ஒரே செயலாக இருந்தன.

1991இல் இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பின்னும் அவர் ஓயவில்லை. 1999இல் இசையறிஞர் டேனியல் பாரன்பாயிமுடன் இணைந்து, அரபு இளைஞரும் இஸ்ரேலிய இளைஞரும் ஒன்றாய் வாசிக்கும் இசைக்குழுவைத் தொடங்கினார். 2003 செப்டம்பர் 25ஆம் நாள் மறைந்தார்.

ஆங்கில நாவல்களைத் தேர்வுக்காகப் படிக்கும் நமக்கு அவர் விட்டுச்சென்றது ஒரு வினா: இக்கதையில் பேச இடம் பெறாதவர் யார்? அவ்வினாவோடு படித்தால், பழைய பாடநூலும் புதிய நூலாகும்.