தனக்கில்லாத வரிக்காகச் சிறை சென்ற வள்ளியம்மை

தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை எம்மில் பலர் சிறுவயதிலேயே கேட்டிருப்போம். ஆனால் அவர் தில்லையாடியில் பிறந்தவர் அல்லர். எங்கள் பிள்ளைகள் பலரைப் போல, பெற்றோர் குடியேறிய நாட்டில் பிறந்தவர்.

1898இல் தென்னாபிரிக்காவின் ஜொகனஸ்பர்க் நகரில் முனுசாமி முதலியாருக்கும் மங்களம் அம்மாளுக்கும் மகளாகப் பிறந்தார். தந்தை பழமும் மரக்கறியும் விற்கும் கடை வைத்திருந்தார். தில்லையாடி தாயாரின் ஊர்.

அக்காலத்தில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள், ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுண் வரி கட்டவேண்டும். அவர்களின் முதலாண்டுச் சம்பளமோ மாதம் 10 சிலிங். அரை வருட உழைப்பை அந்த வரி விழுங்கியது. பின்னர் 16 வயது ஆண்பிள்ளைகளும் 13 வயதுப் பெண்பிள்ளைகளும்கூட அதைக் கட்ட நேர்ந்தது.

வேறு மாகாணத்தில் வாழ்ந்த கடைக்காரரின் மகளுக்கு அந்த வரி இல்லை. தன் வயதுப் பிள்ளைகள் சுமந்த பாரத்தைத் தன்னுடையதாக நினைத்தது அவர் மனம்.

1913 மார்ச்சில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று கேப் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் காந்தி நடத்திய போராட்டத்தில் பெண்களும் இறங்கினர். ஒக்டோபரில் தாயும் மகளும் வேறு பெண்களோடு நேட்டாலுக்குப் போனார்கள். ஊர் ஊராகச் சென்று, வரியின் அநீதியைத் தொழிலாளருக்கு எடுத்துச் சொல்லி, வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள்.

டிசெம்பரில் மூன்று மாதக் கடூழியச் சிறைத் தண்டனை கிடைத்தது. மரிட்ஸ்பர்க் சிறையில் வள்ளியம்மை காய்ச்சலில் விழுந்தார். முன்கூட்டியே விடுவிக்க அதிகாரிகள் முன்வந்தபோது மறுத்துவிட்டார். ஜனவரியில் வெளியே வந்தபோது உடம்பு முற்றாக உருக்குலைந்திருந்தது. பார்க்க வந்த காந்தி, சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். வருத்தமில்லை, மறுபடியும் போகத் தயார் என்றே பதில் வந்தது.

1914 பெப்ரவரி 22இல் வள்ளியம்மை காலமானார். வயது பதினாறு. அதே ஆண்டில் வந்த சட்டம் 3 பவுண் வரியை ஒழித்தது, திருமணங்களையும் ஏற்றுக்கொண்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. நாடு திரும்பிய காந்தி, 1915இல் தில்லையாடிக்குச் சென்றார்.

பிள்ளைகளுக்கு வள்ளியம்மையின் கதையைச் சொல்லும்போது துணிச்சலோடு நிறுத்திவிடாமல், அவர் யாருக்காகப் போனார் என்பதையும் சொல்வோம். நாங்கள் காலூன்றிவிட்ட இந்த நாடுகளில், வதிவிட அனுமதிக்காக இன்றும் காத்திருப்போர் எம் அயலிலேயே இருக்கிறார்கள்.