இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் உண்ணாத கனிகள்

மறைந்த பெரியோர்களுள் ஒருவரைச் சந்திக்கும் பேறு கிட்டுமாயின், இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் சபையில் ஓரமாய் அமரவே நாம் விரும்புவோம். அன்னாரின் ‘ரியாளுஸ் ஸாலிஹீனை’ அறியாத மத்ரஸா மாணவர் இரார். ‘நாற்பது ஹதீஸ்’ எனும் கிதாபில் இருப்பவை 42 என்பதும் ஓதியோர் அறிந்ததே. கிதாபுகளை அறிந்த அளவிற்கு அன்னாரின் வாழ்வை நாம் அறிந்தோமில்லை.

ஹிஜ்ரி 631இல் (கி.பி. 1233) சிரியாவின் ஹவ்ரான் பகுதியில் நவா என்னும் சிற்றூரில் பிறந்தார்கள். தந்தையார் கடை வைத்திருந்தவர். ஹிஜ்ரி 649இல் மகனை டமாஸ்கஸ் நகருக்கு அழைத்து வந்தார். ரவாஹிய்யா மத்ரஸாவில் தங்கி, நாளொன்றுக்கு 12 பாடங்கள் ஓதினார்கள்.

டமாஸ்கஸ் கனிகளுக்குப் பேர்போன நகரம். இமாமவர்களோ அந்நகரின் பழங்களை உண்டதில்லை. அங்குள்ள தோட்டங்களுள் பல வக்ஃபுக்கும், தம் சொத்தைத் தாமே நிர்வகிக்க இயலாதோருக்கும் உரியவை. விளைச்சலில் பங்கு என்று அவற்றைப் பராமரிப்புக்கு விடும் முறையிலோ உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஆகவே மனம் ஒப்பவில்லை. ஊரிலிருந்து பெற்றோர் அனுப்பியதைக் கொண்டே பசியாறினார்கள். வக்ஃபின் வாடகையையும் குத்தகையையும் கையாளும் ஜமாஅத்தாராகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று நம் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஹிஜ்ரி 665இல் அஷ்ரஃபிய்யா தாருல் ஹதீஸின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்கள். அதன் ஊதியத்தைத் தமக்கெனச் செலவிட்டாரில்லை. சுல்தான் பைபர்ஸ், மங்கோலியரை எதிர்த்துப் போரிட்டுப் புகழ் பெற்றவர். அவர் டமாஸ்கஸைச் சூழ்ந்த தோட்டங்களை அரசுடைமை என்று முடக்கியபோது, இமாமவர்கள் உரிமையாளர்களுக்காகக் கடிதம் எழுதினார்கள். மிரட்டல் பதிலாக வந்தது. மீண்டும் எழுதினார்கள். சுல்தானின் பிடியில் அகப்படத்தக்க சொத்தோ சுகமோ அவர்களிடம் என்ன இருந்தது!

திருமணம் செய்யவில்லை. ‘அல்மஜ்மூஃ’ எனும் பெருநூல் முற்றுப்பெறவில்லை. ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) சுல்தான் இறந்தார். அவ்வாண்டிலேயே இமாமவர்களும் தம் முடிவு நெருங்குவதை உணர்ந்தார்கள்போலும். வக்ஃபு நூலகங்களிலிருந்து இரவலாகப் பெற்றிருந்த கிதாபுகள் யாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். உஸ்தாதுகளின் கப்ருகளை ஜியாரத் செய்தார்கள். பின்னர் நவா சென்று, ரஜப் மாதம் 24ஆம் நாள் இரவு, பெற்றோரின் இல்லத்தில் வஃபாத்தானார்கள். அப்போது வயது 45.