பயிரின் நாடி பார்த்தவர்

நம் வல்லக்கோட்டைப் பக்கத்து வயலில் உரம் இட்டால், பயிர் அதை ஏற்றதா என்றறியப் பல நாள் காத்திருக்கிறோம். அந்த விடையைச் சில நிமிடங்களில் செடியிடமே கேட்டறிய வழி கண்டவர் ஜகதீச சந்திர போஸ்.

1858 நவம்பர் 30-இல் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் அரசு அதிகாரி. எனினும் மகனை உழவர், மீனவர் பிள்ளைகளோடு தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். பின்னர், கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் இயேசு சபைக் குரு லாஃபோன் அடிகளார் அவருக்கு இயற்பியலில் ஆர்வமூட்டினார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியர் என்பதால் ஊதியத்தைக் குறைத்தனர். மூன்றாண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார்; இறுதியில் முழு ஊதியமும் நிலுவையோடு கிடைத்தது.

செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் 'கிரெஸ்கோகிராஃப்' கருவியை அமைத்தார். வெப்பமும் ஒளியும் உரமும் மாறும்போது வளர்ச்சியின் வேகம் மாறுவதை அது பதிவு செய்தது. சிறிதளவில் ஊக்கம் தரும் பொருளே அளவு மிஞ்சினால் வளர்ச்சியைத் தடுப்பதையும் கண்டார்.

கருவியைச் சிலர் ஐயுற்றனர். 1920-இல் லண்டனில் அறிஞர் முன்னிலையில் அதை இயக்கி மெய்ப்பித்தார். அவ்வாண்டே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-இல் மறைந்தார்.

அவருடைய முடிவுகள் அனைத்தையும் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆயினும், பயிர் வாய் திறவாமலே தன் பசியையும் திகட்டலையும் சொல்கிறது என்பதை அவரிடம் கற்றோம். உரமூட்டையை அவிழ்க்குமுன் மண்ணையும் பயிரையும் கேட்டறியும் பொறுமை, மாணவியராகிய நமக்கும் வேண்டும்.