கச்சியப்ப சிவாசாரியர்

காஞ்சி மாநகரிலே, குமரகோட்டத்து முருகனைப் பூசித்து வந்த ஆதிசைவ மரபிலே, காளத்தியப்ப சிவாசாரியரின் புதல்வராய்த் தோன்றியவர் கச்சியப்ப சிவாசாரியர். வடமொழியும் தென்மொழியும் கசடறக் கற்று, தாமும் அக்கோயிற் பூசகரானார்.

ஸ்காந்தத்துச் சங்கர சங்கிதையின் சிவரகசிய கண்டத்தைத் தமிழிற் பாடும்படி முருகப்பெருமான் கனவிலே பணித்தருளினார் என்பது வழிவழி வந்த வரலாறு. நாளுக்கு நூறு செய்யுளாகப் பாடி ஏட்டைச் சந்நிதியில் வைப்பார். காலையில் அது திருத்தப்பட்டிருக்கும் என்பர். ஆறு காண்டங்களும் 10,345 செய்யுள்களுமாகக் கந்தபுராணம் முற்றியது. அரங்கேற்றத்திலே காப்புச் செய்யுளின் முதற் புணர்ச்சிக்கு விதி யாதென்று அவையோர் தடுத்தனர். சோழநாட்டுப் புலவரொருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து விதி காட்டினார். அவரை முருகனென்றே அடியார் கொள்வர்.

ஆயிரத்தெட்டு அண்டங்களை ஆண்ட சூரனும், மாமரமாய் நின்று வேலாற் பிளவுண்டு மயிலும் சேவலுமான அற்புதமும் எவரையும் வியக்கச் செய்யும். ஆயினும் ஆசிரியர் சமய ஆசாரத்தைக் கதையினின்று பிரித்துப் போதித்தாரல்லர். சூரன் வரம் பெற்றது வேள்வியினால். வள்ளியம்மை விருத்த வேடத்தானுக்கு ஈந்தது, நாம் இன்றும் படைக்கும் தேனும் தினைமாவும். அம்மை இணங்காதபோது முருகனே தமையனாரை நினைக்கிறான், யானை வருகிறது, காரியம் கைகூடுகிறது. எச்செயலுக்கும் பிள்ளையாரை முன்வைக்கும் வழக்கம் இங்கே கதையின் திருப்பமாகவே அமைந்துவிட்டது. மிஷன் பாடசாலையிலே நாம் பயின்ற மில்டனும் 1667இல் வெளியிட்ட காவியத்தில் ஆதாம் ஏவாளைக் காலையும் மாலையும் தொழவைத்தே கதை நடத்தினார். புராணங்களை வெறுங் கட்டுக்கதையென்று இகழ்வோர் இதனை ஓர்ந்து பார்ப்பாராக.

பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்றது பொருத்தமே. ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராண படனத்தினாலேயே, எழுத்தறியா முதியோரும் இக்காவியத்தை நெஞ்சிற் பதித்தனர். கந்தசஷ்டியில் ஆறு நாள் உபவாசமிருந்து சூரன் போர் காண்கிறோம். கதையை மறந்தால் அந்நோன்பு வெறும் பட்டினியாய் முடியும்.

இளைஞர்காள்! அடுத்த படனத்திற்குப் பெரியோர் அருகே சென்றமருங்கள். ஏட்டைக் கையிலெடுக்கவும் பழகுங்கள். கச்சியப்பருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.